வேலை போனவரிடம் ‘எல்லாம் கர்மா’ என்று சொல்லலாமா?

கோயிலிலும் சமய வகுப்பிலும் நாம் அதிகமாகப் புழங்கும் சொல் எது என்று கேட்டால், ‘கர்மா’ என்றுதான் சொல்வேன். பரீட்சையில் தேறாத தம்பிக்கும், கல்யாணம் தள்ளிப் போகிற அக்காவுக்கும், நோயில் படுத்த மாமாவுக்கும் நாம் கொடுக்கிற மருந்து இந்த ஒரே சொல்தான். இப்போது நம் வட்டாரத்தில் இன்னொரு கூட்டத்துக்கும் அதே மருந்து போகிறது. கார் தொழிற்சாலையிலோ, காருக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையிலோ பல வருஷம் உழைத்து, அந்த வேலை வேறு ஊருக்குப் போய்விட்டதால் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

‘எல்லாம் கர்மா, விடுங்கண்ணே’ என்று அவர்களிடம் சொல்வது ஆறுதலா, அநியாயமா? ஓர் இந்து இளைஞன் இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்தச் சொல்லை நம் சமயத்தின் பெயரில்தான் சொல்கிறோம்.

நடந்தது என்ன?

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். 1983இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலையில் முதல் சாகா கார் வெளிவந்தது. அது பிறந்த இடம் ஷா ஆலாம் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் பெரிதும் சிறிதுமாக எத்தனையோ உதிரிபாகப் பட்டறைகள் வளர்ந்தன. பம்பர், இருக்கை, ஒயர், புகைக்குழாய் என்று ஒவ்வொன்றையும் செய்ய ஆள் தேவைப்பட்டது. எஸ்.பி.எம். முடித்த, முடிக்காத நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் சட்டையில் பெயர் தைத்த முதல் சீருடையைப் போட்டார்கள். ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் ஏறிப் போனவர்களை நமக்குத் தெரியும்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில் புரோட்டோனின் இரண்டாவது தொழிற்சாலை எழுந்தது. 2017இல் சீனாவின் கீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அதற்குப் பிறகு ஷா ஆலாம் வேலைகளைப் படிப்படியாகத் தஞ்சோங் மாலிமில் குவிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எக்ஸ் 70, எக்ஸ் 50 போன்ற புதிய மாடல்கள் அங்கேதான் பொருத்தப்படுகின்றன. பெரிய கம்பெனி நகர்ந்தால் அதற்குப் பொருள் கொடுக்கும் சின்னக் கம்பெனியும் யோசிக்கும். கூடவே மின்சாரக் காரும் வந்துவிட்டது. மின்சாரக் காருக்கு எஞ்சின் ஆயில் வேண்டாம், சைலன்சர் வேண்டாம், பெட்ரோல் தொட்டி வேண்டாம். அவற்றைச் செய்த கைகளுக்கு என்ன வேலை?

ஜெஞ்சாரோமிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குச் சாலை வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய் வர முடியாது. ‘அங்கேயே வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?’ என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். இங்கே வாங்கிய வீட்டுக்குக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். மனைவிக்கு இங்கே ஒரு வேலை இருக்கும். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும். வயதான அம்மாவுக்கு பந்திங் மருத்துவமனையில் மாதாமாதம் ‘அப்பாயின்ட்மென்ட்’ இருக்கும். ஒரு மனிதர் என்பது ஒரு பஞ்ச் கார்டு மட்டும் இல்லையே!

ஓர் அண்ணனின் கேள்வி

எங்கள் தாமானில் ஓர் அண்ணன் இருக்கிறார். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 16 வருஷம். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். வேலை வடக்கே மாறுகிறது என்று ஒருநாள் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். “வர்றவங்க வரலாம். வர முடியாதவங்க இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க” என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். அது ராஜினாமா கடிதம். வர முடியாதவர்களில் ஒருவராக அண்ணனும் கையெழுத்துப் போட்டார். அந்த மாதச் சம்பளம் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டி, “என்னப்பா செய்யிறது, உன் கர்மா அப்படி” என்றார். பாசத்தோடுதான் சொன்னார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குக் கர்மா இருக்குன்னா சரிங்க மாமா. அந்தத் தாளை என் முன்னால வச்சவருக்கும் கர்மா உண்டா, இல்லையா?” என்று கேட்டார்.

நான் படித்த எந்தச் சமயப் புத்தகத்தையும்விட அந்தக் கேள்வி என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

கர்மா என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் ‘செயல்’ என்பது சமய வகுப்பில் முதல் பாடம். செயல் செய்பவர் எல்லாருக்கும் கர்மா உண்டு. வேலையை இழந்தவருக்கு முன்வினை இருக்கலாம். அதை நான் கண்டதில்லை, நீங்களும் கண்டதில்லை. ஆனால் அந்தத் தாளை அச்சடித்தது ஒரு செயல். அதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியது ஒரு செயல். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் என்ன செய்தேன் என்பதும் ஒரு செயல். கண்ணுக்குத் தெரியாத பழைய வினையைப் பேசி, கண்ணுக்கு முன்னால் நடக்கிற புதிய வினையை மறைத்தால் அது கர்மக் கொள்கை ஆகாது. அது பாதிக் கர்மக் கொள்கை. பாதி மருந்து சில நேரம் விஷம்.

யார், யாருக்குச் சொல்வது?

‘பலனில் பற்று வைக்காதே’ என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிற உபதேசம். அது யாரிடம் சொல்லப்பட்டது? வில்லைக் கீழே போட்டுவிட்டு ‘நான் செய்யமாட்டேன்’ என்று உட்கார்ந்துவிட்டவனிடம். அவனை எழுந்து செயல்பட வைப்பதற்காகச் சொன்னது. அதே உபதேசத்தை எடுத்து, ‘நீ பலனை எதிர்பார்க்காதே’ என்று 16 வருஷம் உழைத்தவரிடம் சொல்லி, அவரை உட்கார வைப்பதற்கு நாம் பயன்படுத்துகிறோம். எழுப்பச் சொன்ன சொல்லை அமர்த்துவதற்குப் பயன்படுத்தினால் அது தலைகீழ் இல்லையா?

பற்றற்று இரு என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை. அந்த அண்ணன் தனியாக உட்கார்ந்து, ‘சரி, போனது போகட்டும், ஆண்டவன் இருக்கான்’ என்று தனக்குத்தானே சொன்னால் அது அவருடைய பலம். அந்த வார்த்தையை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் சம்பளம் நிற்காமல் வருகிற நான் அதை அவருக்குச் சொன்னால், அது என் வசதி. அவருடைய பாரத்தில் எனக்குப் பங்கில்லை என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன், அவ்வளவுதான். விரதம் இருப்பவர் சாப்பிடாமல் இருக்கலாம். பசித்தவனைப் பார்த்து ‘நீ விரதம் இருந்துகொள்’ என்று விருந்து சாப்பிட்டவர் சொல்லக் கூடாது.

வள்ளுவரைப் பாருங்கள். 38ஆம் அதிகாரம் ஊழ். விதியின் வலிமையை அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 62ஆம் அதிகாரம் ஆள்வினை உடைமை. அங்கே முயற்சியைப் பேசுகிறார். இரண்டுக்கும் முன்னால் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், ஊரோடு சேர்ந்து வாழ்ந்து உதவும் கடமை. மூன்றையும் ஒரே நூலில் வைத்த மனிதர் அவர். நாம் ஊழை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டு அதிகாரங்களையும் மூடி வைத்துவிடுகிறோம்.

நம் ஊரே சாட்சி

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை வாங்க மாட்டேன் என்று கதவை மூடியது. அந்தக் குப்பை கப்பல் ஏறி கிள்ளான் துறைமுகம் வந்து, நம் ஜெஞ்சாரோமுக்குள் நுழைந்தது. உரிமம் இல்லாத பட்டறைகள் செம்பனை மரங்களுக்கு நடுவில் முளைத்தன. ராத்திரியில் எரித்த பிளாஸ்டிக்கின் நாற்றத்தில் ஊரே இருமியது. அப்போது ஊர் மக்கள் ‘எல்லாம் கர்மா’ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கவில்லை. படம் எடுத்தார்கள், புகார் கொடுத்தார்கள், விடாமல் பேசினார்கள். பல பட்டறைகள் மூடப்பட்டன. உலகப் பத்திரிகைகளில் ஜெஞ்சாரோம் பெயர் வந்தது.

எல்லாருக்கும் மூச்சு முட்டினால் அது அநியாயம். ஒருவர் வீட்டில் மட்டும் அடுப்பு அணைந்தால் அது அவருடைய கர்மா. இது என்ன கணக்கு?

நம் முன்னோரும் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டி, தீ மிதித்து, தலைவிதியை நம்பிய அதே மக்கள்தான் இதையும் செய்தார்கள். பக்தி அவர்கள் கையைக் கட்டவில்லை.

வேலை நம்மை விட்டு நகர்வதும் நமக்குப் புதிதல்ல. ஷா ஆலாம் நகரம் எழுந்த இடம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டப்பகுதி. கிள்ளானில் டொயோட்டாவின் தொழிற்சாலை 2019இல் திறக்கப்பட்ட புக்கிட் ராஜாவும் பழைய தோட்டத்தின் பெயர்தான். பால் மரம் சீவிய மண்ணில் கார் தொழிற்சாலை வந்தது. தோட்டங்கள் மேம்பாட்டுக்குப் போனபோது நம் மக்களுக்கு வேலையோடு லயத்து வீடும் போனது. பல இடங்களில் கோயிலும் பள்ளியும் இடம் தேடி அலைந்தன. அன்றைக்கும் அவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் இருந்தது. கூட உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்லத்தான் ஆள் குறைவு.

கம்பெனி செய்தது பாவமா?

நியாயத்தை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கம்பெனி இடம் மாறுவதே அதர்மம் என்று நான் சொல்ல மாட்டேன். நஷ்டத்தில் ஓடுகிற தொழிற்சாலையை அப்படியே வைத்திருந்தால் ஒருநாள் மொத்தமாக மூட வேண்டி வரலாம். ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. ஃபோர்டு 2016இலும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017இலும் அங்கே கார் செய்வதை நிறுத்திக்கொண்டன. ஒரு நாட்டின் கார் தொழிலே முடிந்தது. அதோடு ஒப்பிட்டால், தஞ்சோங் மாலிமுக்கு மாறியதாவது நாட்டுக்குள் வேலையை வைத்திருக்கிறது. அங்கே வேலை கிடைத்த பேராக் பிள்ளைகளும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தான்.

அதர்மம் மாறுவதில் இல்லை. மாறுகிற விதத்தில் வரலாம். முன்கூட்டியே சொன்னார்களா? சேர வேண்டிய பணத்தைக் கொடுத்தார்களா? வேறு வேலைக்குப் பயிற்சி கொடுத்தார்களா? இல்லை, ராஜினாமா தாளை நீட்டினார்களா? சென்னைக்கு அருகே மறைமலை நகரில் ஃபோர்டு தன் தொழிற்சாலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. தொழிலாளர்கள் ‘விதி’ என்று கலைந்து போகவில்லை. மாதக்கணக்கில் பேசினார்கள், 2022இல் வேலையை நிறுத்திப் போராடினார்கள், இழப்பீட்டை உயர்த்தக் கேட்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டதுதான். அந்த முடிவு அவர்கள் கையில் இல்லை. எப்படி வெளியே வருவது என்பதில் அவர்களுக்கும் ஒரு கை இருந்தது.

கலிய நாயனார் கேட்கும் கேள்வி

பெரிய புராணத்தில் வேலை இழந்த ஒரு நாயனார் இருக்கிறார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகம் செய்த கலிய நாயனார். கோயிலில் இரவும் பகலும் விளக்கேற்றுவது அவர் தொண்டு. செல்வம் கரைந்தது. சுற்றத்தாரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அந்தக் கூலியில் விளக்கேற்றினார். பிறகு அவர்கள் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். செக்காட்டும் இடத்தில் கூலி வேலைக்குப் போனார். வேலைக்கு ஆட்கள் பெருகிப்போனதால் அந்தக் கூலியும் கிடைக்காமல் போனது. வீட்டில் இருந்ததை எல்லாம் விற்றார். கடைசியில் எண்ணெய்க்குப் பதிலாகத் தன் இரத்தத்தை ஊற்றத் துணிந்து கழுத்தில் கத்தியை வைத்தபோது, சிவபெருமானின் கை வந்து அந்தக் கையைப் பிடித்தது.

நாம் இந்தக் கதையைப் பக்தியின் உச்சம் என்று சொல்லிக் கும்பிடுகிறோம். சரிதான். ஆனால் எனக்கு இதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. அது பெரிய ஊர். செக்கு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், சுற்றம் இருந்தது, தினமும் அந்த விளக்கொளியில் சாமி கும்பிட்டவர்கள் இருந்தார்கள். ஒரு மனிதர் படிப்படியாகக் கீழே போனதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒருவர் கையாவது நடுவில் நீண்டிருந்தால், கத்தி வரைக்கும் போயிருக்குமா? ஈசன் கை வந்தது அவனுடைய கருணை. அதுவரை ஊரார் கை வராதது யாருடைய வினை?

இதே திருவொற்றியூரில்தான் 1950களிலிருந்து என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டன. 2013இல் ஒரகடத்திலும், பிறகு வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்து, உற்பத்தியின் பெரும் பங்கு அங்கே போனது. செக்கோ, மோட்டார் சைக்கிளோ, காரோ, வேலை ஓரிடத்தில் நிற்காது. நிற்க வேண்டியது ஊர்.

நாம் என்ன செய்யலாம்?

உபதேசத்தோடு முடித்தால் நானும் அந்தத் தோள் தட்டும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். இளைஞர் கிளைகள் நாளைக்கே செய்யக்கூடியவை சில.

முதலாவது, ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கி, ஐந்து வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம் தர வேண்டும் என்று 1980ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. 16 வருஷத்துக்கு 320 நாள். மாதம் 2,600 வெள்ளி சம்பளம் என்றால் சுமார் 27,000 வெள்ளி. தானாக ராஜினாமா செய்தவருக்கு அது இல்லை. இடமாற்றத்தை மறுத்தால் என்ன ஆகும் என்பது வேலை ஒப்பந்தத்தையும் கொடுக்கப்பட்ட வாய்ப்பையும் பொறுத்தது. அதனால்தான் கையெழுத்துக்கு முன்னால் தொழிலாளர் இலாகாவில் கேட்க வேண்டும். “ரெண்டு நாள் டைம் குடுங்க, படிச்சிட்டுப் போடறேன்” என்று சொல்ல ஒருவருக்குத் தைரியம் கொடுத்தால், அதுவே பெரிய தொண்டு.

இரண்டாவது, 2018 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் வேலை காப்புறுதித் திட்டம். பெர்கேசோவில் வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி உள்ளவருக்கு முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைந்து, அதிகபட்சம் ஆறு மாதம் வரை உதவித்தொகை உண்டு. பயிற்சிக்கும் உதவி உண்டு. இது தர்மம் இல்லை. மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்த பணம். வெட்கப்பட்டு வீட்டில் இருந்தே அந்த 60 நாளைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு. விண்ணப்பம் இணையத்தில். நம்மிடம் போன் இருக்கிறது, விரல் இருக்கிறது. அண்ணன்மார் பலருக்குத் தேவை பக்கத்தில் ஓர் ஆள், அவ்வளவுதான்.

மூன்றாவது, வேலைத் தகவல். தெலுக் பங்லிமா காராங்கிலோ, புக்கிட் ராஜாவிலோ, துறைமுகத்திலோ எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பது நம் உறுப்பினர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கப் படம் நாற்பது வருகிறது. அதில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு வேலைச் செய்தி வந்தால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான்காவது, மரியாதை. வேலை போனவர் கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உபயம் கேட்பார்களோ, ‘இப்ப எங்க வேலை?’ என்று விசாரிப்பார்களோ என்ற கூச்சம். கொடுப்பவருக்கு மட்டும் முதல் வரிசை என்றால் அவர் எங்கே நிற்பார்? பந்தியில் பரிமாற, காவடிக்குத் தண்ணீர் தூக்க, பிள்ளைகளுக்கு வெல்டிங்கோ ஒயரிங்கோ சொல்லிக்கொடுக்க அவரைக் கூப்பிடுங்கள். 16 வருஷத் தொழில் அனுபவம் தொழிற்சாலையோடு வடக்கே போய்விடவில்லை. அது அவர் கையில் இருக்கிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். வேலை போனவரிடம் ‘எல்லாம் கர்மா’ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ‘இப்போது என் கர்மா என்ன?’ என்று என்னையே கேட்டுக்கொள்ளும் கடமை இருக்கிறது. உங்கள் கிளையில் அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். ஒரு மடிக்கணினி, ஒரு பேனா, படிக்கத் தெரிந்த இரண்டு பேர். யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.